தளச் சாணைத் துணையமைப்பு

தளச் சாணைத் துணையமைப்பு என்பது பட்டைச் சாணைப் பொறியுடன் பொருத்தி, உலோகத் தகடுகளின் இரு முகங்களையும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் தேய்த்தெடுக்கப் பயன்படும் ஒரு கருவி ஆகும். கத்தி செய்வோர், சிறு கருவிகள் செய்வோர், வீட்டுப் பட்டறை வைத்திருப்போர் ஆகியோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள தளச் சாணைப் பொறியை வாங்கவோ நிறுத்திவைக்கவோ இயலாதவர்கள், அதன் பணியில் ஒரு பகுதியைத் தம்மிடம் ஏற்கெனவே உள்ள பட்டைச் சாணைப் பொறியைக் கொண்டே செய்துகொள்ள இது வழிசெய்கின்றது. இத்துணையமைப்பு கடைகளில் ஆயத்தமாகவும் கிடைக்கின்றது. பலர் தாமே செய்தும் கொள்கின்றனர்.

பட்டைச் சாணைப் பொறி பட்டறை வழக்கில் பெல்ட் கிரைண்டர் என்றும், தளச் சாணைப் பொறி சர்ஃபேஸ் கிரைண்டர் என்றும் அழைக்கப்படுகின்றன.

தேவை

பட்டைச் சாணைப் பொறியில் வேலைத்துண்டைக் கையால் பிடித்தே தேய்ப்பது வழக்கம். கையின் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதால், தகட்டின் ஓரங்கள் மிகுதியாகத் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நிற்கும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் தகட்டைத் திருகு அளவியால் அளந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு காணப்படுவது இயல்பு.

பல வேலைகளுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஆனால் மடக்குக் கத்தியில் இது பெரும் குறையாகும். பூட்டில்லாத மடக்குக் கத்தியில் அலகின் அடிப்பகுதியும் முதுகு வில்லும் இரு பக்கத் தகடுகளுக்கு நடுவே அமைகின்றன. அலகு வில்லைவிடத் தடித்திருந்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே இடைவெளி தெரியும். மெலிந்திருந்தால் அலகு பக்கவாட்டில் ஆடும். அலகின் அடிப்பகுதியே ஆப்புப்போல் சரிந்திருந்தால், திறக்கும்போது எளிதாகவும் மூடும்போது இறுக்கமாகவும் இருக்கும்.

இவை தவிரப் பின்வரும் வேலைகளுக்கும் இத்துணையமைப்பு உதவுகின்றது:

* சூட்டில் உருட்டிய எஃகின் மேலுள்ள கருஞ்செதிலையும் கரிமம் இழந்த மேற்படையையும் நீக்குதல்
* அடித்து உருவாக்கிய பல்லடுக்கு எஃகுத் தகட்டைச் சீரான தடிப்புக்குக் கொண்டுவருதல்
* கடினப்படுத்திய பின் அலகின் முகங்களைத் துப்புரவாக்குதல்
* கைப்பிடித் தகடுகள், இடைத் தகடுகள் ஆகியவற்றை ஒரே தடிப்பில் அமைத்தல்

வரலாறு

சாணைப் பொறிகளின் வளர்ச்சி செயற்கைச் சாணைப் பொருள்களின் வளர்ச்சியோடு இணைந்தது. அமெரிக்காவின் புராவிடன்சு நகரிலிருந்த பிரவுன் அண்டு சார்ப் நிறுவனம் தனது பொதுப்பயன் சாணைப் பொறியை 1876 ஆம் ஆண்டு பிலடெல்பியாக் கண்காட்சியில் வைத்தது. 1891 இல் எட்வர்டு குட்ரிச் அச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டார். 1902 இல் மின்னசோட்டாவில் தொடங்கப்பட்ட நிறுவனமொன்று, பின்னாளில் 3எம் எனப் பெயர்பெற்று, உப்புத்தாள்களையும் சாணைப் பட்டைகளையும் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது. 1980களில் பரவிய பீங்கான்வகைச் சாணை மணிகள், கடினப்படுத்திய எஃகையும் பட்டையால் விரைவாகத் தேய்க்க வழிசெய்தன.

அமெரிக்காவில் தனியாள் கத்திக் கைவினை வளர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். அங்கு கத்தி செய்வோர் சங்கம் 1970 இலும், அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகம் 1976 இலும் நிறுவப்பட்டன. இக்கைவினைஞரிடையே 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பட்டையை ஓட்டும் பொறி பொது வழக்காயிற்று. பொறியின் சதுரத் துளையில் செருகி மாற்றக்கூடிய கருவிக் கைகள் இப்பொறியின் சிறப்பு. அதே துளையில் செருகும் மற்றொரு கருவியாகவே தளச் சாணைத் துணையமைப்பும் தோன்றியது. கணினி வழிப் பொறிகளுக்கான நேர்கோட்டு வழிகாட்டித் தண்டுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின், 2010களில் இதனை வீட்டிலேயே செய்வது பரவலாயிற்று.

செயற்படும் முறை

பட்டை ஒரு தொடுசக்கரத்தின் மேல் வளைந்து ஓடுகின்றது. சக்கரத்தின் அச்சு கிடையாக இருக்கும்; அதன் முன்புறத்தில் பட்டை மேலிருந்து கீழ் நோக்கிச் செல்லும். சக்கரத்தின் முன்னே ஒரு காந்தப் பிடிப்பலகை நிலைக்குத்தாக நிற்கின்றது. வேலைத்துண்டு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். பிடிப்பலகை வழிகாட்டித் தண்டின் மேல் மேலும் கீழும் நகர, வேலைத்துண்டின் முழு நீளமும் சக்கரத்தைக் கடந்து செல்லும். ஒவ்வொரு கடப்புக்குப் பின்னும் ஊட்டுத் திருகைச் சிறிது திருப்பினால் பிடிப்பலகை சக்கரத்தை நோக்கி நகரும்.

சக்கரம் வேலைத்துண்டை ஒரு கோட்டில் மட்டுமே தொடுகின்றது. ஆகவே உருவாகும் தளத்தை இரண்டு நேர்கோடுகள் முடிவு செய்கின்றன. அகலவாட்டிலான நேர்மை சக்கரத்தின் முகத்தையும், நீளவாட்டிலான நேர்மை வழிகாட்டித் தண்டையும் பொறுத்தவை. பட்டைச் சாணைப் பொறியின் மற்ற உறுப்புகள் எவ்வளவு துல்லியமற்றவையாக இருந்தாலும் இவ்விரண்டும் நேராக இருந்தால் தளம் தட்டையாக அமையும். வீட்டில் செய்யும் கருவியாலும் நல்ல பயன் கிடைப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

உறுப்புகள்

அடித்தகடு

தொடுசக்கரத்தையும் நகரும் பிடிப்பலகையையும் ஒரே அடித்தகட்டில் பொருத்துவது நன்று. சக்கரத்தைப் பொறியின் ஒரு கையிலும் பிடிப்பலகையைத் தனியான மற்றொரு கையிலும் வைத்தால், தேய்க்கும் விசையில் இரண்டும் தனித்தனியே வளையும். 38 மி.மீ. சதுர எஃகுக் கை 300 மி.மீ. வெளியே நீண்டிருக்க, அதன் முனையில் 50 நியூட்டன் விசை தாக்கினால் முனை ஏறத்தாழ 0.013 மி.மீ. விலகும். அதே அளவு அலுமினியக் கை ஏறத்தாழ மூன்று மடங்கு விலகும். இரண்டும் ஒரே தகட்டில் இருந்தால் கை வளையும்போது சக்கரமும் பலகையும் சேர்ந்தே நகர்வதால், அவற்றுக்கிடையேயான தொலைவு பெரிதும் மாறாது.

அடித்தகட்டுக்கு 10 முதல் 12 மி.மீ. வரை தடித்த எஃகுத் தகடு போதுமானது. பற்றவைப்பு தகட்டை வளைத்துவிடக் கூடுமாதலால், இயன்ற இடங்களில் மரையாணிகளால் இணைப்பது வழக்கம்.

தொடுசக்கரம்

சாதாரணத் தொடுசக்கரங்களின் மேல் இறப்பர் உறை உண்டு. மென்மையான இறப்பர் அழுத்தத்தில் அமுங்கி, வேலைத்துண்டின் ஓரங்களை உருண்டையாக்கும். எனவே கடினமான இறப்பர் உறையோ, உறையற்ற அலுமினிய அல்லது எஃகுச் சக்கரமோ விரும்பப்படுகின்றது. பட்டை நழுவாமலிருக்கச் சில சக்கரங்களின் நடுப்பகுதி சற்று மேடாகக் கடையப்பட்டிருக்கும். அத்தகைய சக்கரம் இங்கு ஏற்றதன்று. அதன் மேடு அப்படியே தகட்டில் பள்ளமாகப் பதியும்.

வழிகாட்டித் தண்டும் நகர்கட்டையும்

15 அல்லது 20 மி.மீ. அகலமுள்ள நேர்கோட்டு வழிகாட்டித் தண்டும், அதன் மேல் குண்டுகளில் ஓடும் நகர்கட்டைகளும் பொதுவாகப் பயன்படுகின்றன. ஒரே தண்டில் இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு வைத்தால் ஆட்டம் குறையும். சாணைத் தூள் இக்கட்டைகளின் முதல் பகை. துடைப்பு உதடுகள் உள்ள கட்டைகளைத் தேர்வதும், தண்டைத் துருத்திபோல் மடியும் உறையால் மூடுவதும் அவற்றின் ஆயுளைக் கூட்டும்.

ஊட்டும் அமைப்பு

திருகின் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் நுண்மரையும், நூறு பிரிவுகள் கொண்ட வட்டத் தலையும் இருந்தால் ஒரு பிரிவு 0.01 மி.மீ. ஆகும். இது திருகு அளவியின் தத்துவமே. கிடையாக நகரும் குறுகிய சறுக்குப் பாதை ஒரு முறை. கீல் அமைப்பு மற்றொரு முறை.

கீல் அமைப்பில் வழிகாட்டித் தண்டு முழுவதும் கீழே ஒரு கீலில் நிற்க, மேற்பகுதியைத் திருகு தள்ளுகின்றது. தண்டு சாய்வதால் தேய்ப்பும் சாயும் என எண்ணத் தோன்றும். ஆனால் பிடிப்பலகையும் தண்டுடன் சேர்ந்தே சாய்வதாலும், வேலைத்துண்டு தண்டின் திசையிலேயே நகர்வதாலும், தேயும் முகம் எப்போதும் தண்டுக்கு இணையாகவே அமையும். கீலின் அச்சு சக்கரத்தின் அச்சுக்கு இணையாக இருப்பதே தேவை. எளிமை கருதி வீட்டில் செய்வோர் பலர் இம்முறையைத் தேர்கின்றனர். இவ்வமைப்பில் ஒரு பிரிவுக்கான நகர்வு கீலின் தொலைவைப் பொறுத்து மாறுமாதலால், அதனை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

திருகுக்கும் மரைக்கும் இடையே சிறு தளர்ச்சி இருக்கும். வலுவான சுருள்வில் ஒன்றால் அமைப்பைத் திருகின் மேல் இழுத்து வைத்தால் இத்தளர்ச்சி பயன்பாட்டில் தெரியாது.

காந்தப் பிடிப்பலகை

கைப்பிடியால் காந்த விசையை இயக்கவும் நிறுத்தவும் கூடிய நிலைக்காந்தப் பலகைகள் விற்பனைக்கு உள்ளன. வீட்டில் செய்வோர் அலுமினியத் தகட்டில் குழிகள் இட்டு நியோடிமியக் காந்தங்களைப் பதிப்பதும் உண்டு. சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகை செல்சியசுக்கு மேல் தன் வலிமையை நிலையாக இழக்கத் தொடங்குமாகையால், வேலைத்துண்டை மிகுதியாகச் சூடேற விடலாகாது.

பிடிப்பலகையின் கீழ்முனையில் வேலைத்துண்டைவிடத் தடிப்பில் குறைந்த ஒரு தடுப்பு கட்டாயம் இருத்தல் வேண்டும். பட்டை கீழ்நோக்கி இழுப்பதால், காந்தம் விட்டுப்போனால் வேலைத்துண்டு அத்திசையிலேயே எறியப்படும். பித்தளை, தைட்டானியம், துருவேறா எஃகின் காந்தமேற்கா வகைகள் ஆகியவற்றை இருபக்க ஒட்டுநாடாவால் ஓர் எஃகுத் தகட்டில் ஒட்டி, அத்தகட்டைப் பலகையில் வைப்பர்.

அமைக்கும் வரிசை

# அடித்தகட்டை வெட்டி, கருவிக் கையுடன் மரையாணிகளால் இணைத்தல்.
# தொடுசக்கரத்தின் அச்சாணியை அடித்தகட்டுக்குச் செங்குத்தாகப் பொருத்தி, பட்டை நடுவில் ஓடுகின்றதா எனப் பார்த்தல்.
# வழிகாட்டித் தண்டை அதன் ஏந்து தகட்டில் பொருத்துதல். ஏந்து தகடு வளைந்திருந்தால் தண்டும் வளையும். ஆகவே தகட்டின் முகத்தை முன்னரே சரிபார்த்தல் வேண்டும்.
# ஊட்டும் அமைப்பையும் சுருள்வில்லையும் இணைத்தல்.
# நகர்கட்டைகளின் மேல் பிடிப்பலகையையும் கைப்பிடியையும் பொருத்துதல்.
# பட்டையை ஓட்டாமல், பலகையை முழுத் தொலைவும் கையால் நகர்த்தி, எங்கும் முட்டவில்லை என உறுதி செய்தல்.

சீரமைத்தல்

முதலில் டயல் கேஜை அடித்தகட்டில் நிறுத்தி, அதன் முனை பிடிப்பலகையைத் தொடுமாறு வைத்துப் பலகையை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். முள் நகர்ந்தால் பலகையின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்யலாம். சக்கரத்தின் அச்சு 0.1 பாகை மட்டுமே சரிந்திருந்தாலும் 25 மி.மீ. அகலமுள்ள தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே 0.044 மி.மீ. தடிப்பு வேறுபாடு உண்டாகும்.

இறுதிப் படி பிடிப்பலகையின் முகத்தை அந்தச் சக்கரத்தைக் கொண்டே தேய்ப்பதாகும். முகம் முழுவதும் மை பூசி, மிக மெல்லிய ஊட்டத்தில், மை எல்லா இடங்களிலும் மறையும் வரை தேய்க்க வேண்டும். பட்டையைவிடப் பலகை அகலமானதாயின் எஞ்சும் பகுதி சக்கரத்தில் முட்டாதவாறு அதனை முன்னரே தாழ்த்திக்கொள்ள வேண்டும். இவ்வாறு தேய்த்த முகம், தண்டின் பாதைக்கும் சக்கரத்தின் முகத்துக்கும் தானாகவே இணையாகிவிடும். பொருத்துதலில் எஞ்சிய சிறு பிழைகள் இதனால் நீங்குகின்றன. தளச் சாணைப் பொறிகளின் காந்தப் பலகைகளும் இம்முறையிலேயே சீர்செய்யப்படுகின்றன. சக்கரத்தையோ தண்டையோ கழற்றி மாட்டினால் இப்படியை மீண்டும் செய்தல் வேண்டும்.

சோதனைக்கு ஒரு தகட்டின் இரு முகங்களையும் தேய்த்து, இரு ஓரங்களிலுமாக ஆறு இடங்களில் தடிப்பை அளப்பர். அளவுகள் பின்வருமாறு பிழையைக் காட்டும்:

* இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபட்டால், சக்கரத்தின் அச்சு பலகைக்கு இணையாக இல்லை.
* மேல்முனையும் கீழ்முனையும் வேறுபட்டால், பலகை தண்டுக்கு இணையாக இல்லை.
* இரு முனைகளைவிட நடுப்பகுதி வேறுபட்டால், தண்டு வளைந்துள்ளது அல்லது வேலைத்துண்டு சூட்டில் வளைந்துள்ளது.
* ஒழுங்கின்றி மாறினால், தளர்ந்த மரையாணியையோ பலகையில் ஒட்டிய தூளையோ தேட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

வேலைத்துண்டின் ஓரப் பிசிறுகளை அரத்தால் நீக்கி, பலகையையும் துண்டின் அடியையும் துடைத்த பின்னரே துண்டை வைக்க வேண்டும். காந்தம் எஃகுத் தூளையும் ஈர்ப்பதால் ஒவ்வொரு முறை துண்டைத் திருப்பும்போதும் துடைத்தல் இன்றியமையாதது. அடியில் சிக்கும் 0.05 மி.மீ. துகள் ஒன்று அதே அளவு பிழையைத் தகட்டில் உண்டாக்கும்.

முதலில் துண்டின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டு, அங்கிருந்தே ஊட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒரு கடப்புக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை ஊட்டுவது பொது வழக்கம். உலோகத்தை விரைந்து நீக்க 36 அல்லது 60 எண் பட்டையும், பின்னர் 120, 220 எண் பட்டைகளும் பயன்படும். இறுதியில் திருகைத் திருப்பாமல் சில கடப்புகள் செய்தால், விசையால் விலகியிருந்த உறுப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி எஞ்சிய உலோகம் தேயும். ஒரு முகத்தில் சிறிது, மறுமுகத்தில் சிறிது என மாற்றி மாற்றித் தேய்ப்பது தகடு வளைவதைக் குறைக்கும்.

துல்லியத்தைக் கெடுக்கும் காரணிகள்

வளைந்த வேலைத்துண்டு: தொடக்கநிலையில் உள்ளோர் பெரும்பாலும் தவறுமிடம் இதுவாகும். கடினப்படுத்தும்போது வளைந்த மெல்லிய அலகைக் காந்தம் இழுத்துத் தட்டையாக்கிவிடும். அந்நிலையில் தேய்த்த முகம் பலகையில் இருக்கும் வரை தட்டையாகத் தோன்றும். எடுத்தவுடன் அலகு மீண்டும் வளையும். தடிப்பு எங்கும் ஒன்றாக இருக்கும், ஆனால் அலகு நேராக இராது. இதனைத் தவிர்க்க, அலகை முதலில் நிமிர்த்த வேண்டும். அல்லது இடைவெளியில் மெல்லிய தகடு வைத்து, வளைந்த நிலையிலேயே தாங்கி, ஒரு முகத்தைத் தட்டையாக்கி, அதன் பின்னரே திருப்ப வேண்டும்.

வெப்பம்: தேயும் முகம் சூடேறி விரிவதால் தகடு சக்கரத்தை நோக்கிப் புடைக்கும். 200 மி.மீ. நீளமும் 4 மி.மீ. தடிப்பும் உள்ள கட்டற்ற எஃகுத் தகட்டின் இரு முகங்களுக்கிடையே 5 பாகை செல்சியசு வேறுபாடு இருந்தாலே நடுப்பகுதி ஏறத்தாழ 0.075 மி.மீ. எழும். எழுந்த பகுதி மிகுதியாகத் தேய்ந்து, ஆறிய பின் பள்ளமாகும். மேலும், கடினப்படுத்திய எஃகு நீலநிறம் கொள்ளும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 300 பாகை வரை சூடேறினால், பெரும்பாலான கரிம எஃகுகள் அவ்விடத்தில் கடினத்தன்மையை இழக்கும். இழந்ததைத் தேய்த்து மீட்க இயலாது; அலகை மீண்டும் கடினப்படுத்த வேண்டியிருக்கும். புதிய பட்டை, குறைந்த ஊட்டம், நீர்த் தெளிப்பு ஆகியவை வெப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

பட்டையின் இணைப்பு: பட்டையின் இரு முனைகளும் ஒட்டப்பட்ட இடம் சற்றுத் தடித்திருக்கும். 72 அங்குலப் பட்டை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால், இவ்விடம் நொடிக்கு ஏறத்தாழ 11 முறை வேலைத்துண்டில் மோதும். பலகை நொடிக்கு 50 மி.மீ. நகர்ந்தால் 4.6 மி.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தோன்றும். மெல்லிய நாடாவால் இணைத்த நல்ல பட்டையும், ஒரே சீரான மெதுவான நகர்வும் இதனைக் குறைக்கும்.

தளச் சாணைப் பொறியுடன் ஒப்பீடு

தளச் சாணைப் பொறியின் சக்கரம் கெட்டியான கல்லாலானது. பொறியின் உடல் கனமான வார்ப்பிரும்பு. ஆகவே அது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குத் துல்லியம் தரவல்லது. கவனமாகச் செய்து சீரமைத்த துணையமைப்பில் 0.02 முதல் 0.05 மி.மீ. வரையான துல்லியத்தை எதிர்பார்க்கலாம். பட்டைக்குச் சிறிது நெகிழ்வு உண்டு என்பதும், மணிகள் தேயத் தேய வெட்டும் ஆழம் மாறும் என்பதும் இவ்வெல்லைக்குக் காரணங்கள்.

மறுபுறம், பட்டை உலோகத்தை விரைவாக நீக்கும். தேய்ந்தால் சில நொடிகளில் மாற்றலாம். கல்லைப்போல் உடைந்து தெறிக்கும் இடர் இல்லை. இக்காரணங்களால், பழைய தளச் சாணைப் பொறியின் கல்லை நீக்கிவிட்டு அதில் பட்டையை ஓட்டும் கத்திக் கைவினைஞரும் உள்ளனர்.

பாதுகாப்பு

* கண்ணாடி, காதடைப்பு, நுண்தூளைத் தடுக்கும் சுவாச முகமூடி ஆகியவை தேவை. துருவேறா எஃகின் தூளில் குரோமியமும் நிக்கலும் இருக்கும்.
* சுழலும் பட்டையின் அருகே கையுறை, தளர்ந்த உடை, தொங்கும் முடி ஆகியவை கூடா.
* வேலைத்துண்டு எறியப்படக்கூடிய கீழ்ப்பக்கத்தில் தடித்த தகட்டு மறைப்பு வைக்க வேண்டும். அக்கோட்டில் எவரும் நிற்கலாகாது.
* பட்டை ஓடும்போது அளத்தலோ துடைத்தலோ கூடாது.
* அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் கலந்து தேங்கிய இடத்தில் தீப்பொறி விழுந்தால் கடும் வெப்பத்துடன் எரியும். தைட்டானியத் தூளும் எளிதில் தீப்பற்றும். மாற்று உலோகத்தைத் தேய்க்குமுன் பொறியையும் தூள் தொட்டியையும் துப்புரவாக்க வேண்டும்.
* நீர் தெளித்தால் மின்னோடியும் ஆளியும் நனையாதவாறு மறைத்தலும், நிலத்தொடுப்பு இணைப்பைச் சரிபார்த்தலும் வேண்டும்.
* இதயமுடுக்கி பொருத்தியோர் வலுவான காந்தப் பலகையை நெருங்குதல் ஆகாது.

இவற்றையும் பார்க்க

* சாணைக்கல்
* உப்புத்தாள்
* திருகு அளவி
* கடைசல் பொறி
* நியோடிமியக் காந்தம்
* வெப்ப விரிவு